கேரம் பலகையும் மாஸ்டர் பிளானும்

வட சென்னையில் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றால் போதும். பத்து நிமிஷத்துக்குள் யாராவது வந்து கேட்டுவிடுவார்கள். 'டி.வி.யா சார், என்.ஜி.ஓ.வா?' மூன்றாவதாக ஒரு வகை ஆள் நோட்டுப் புத்தகத்தோடு அந்தப் பக்கம் போனதே இல்லை போலிருக்கிறது. போன மாதம் காட்டுப்பள்ளியில் என்னையும் கேட்டார்கள். 'பத்திரிகை' என்றேன். 'அப்ப டி.வி. மாதிரிதான்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார் ஒரு பெரியவர்.

நான் போன காரணத்தை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சினிமா பார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

ஒரு வேலையாக 'மெட்ராஸ்', 'காலா', 'வட சென்னை' மூன்றையும் அடுத்தடுத்து மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. 2014-இல் முதலாவது, மற்ற இரண்டும் 2018-இல் வந்தவை. வந்தபோது மூன்றுக்கும் கைதட்டியவன்தான் நான். இப்போது ஒரே வாரத்தில் வரிசையாகப் பார்க்கும்போது ஒரு விஷயம் உறுத்தியது. மூன்று படமும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது: இந்த இடத்தை யார் 'முன்னேற்றுவது', யாருக்காக? மூன்றுமே அந்தக் கேள்வியைப் பிரமாதமாகக் கேட்கின்றன. பதில் சொல்ல வேண்டிய ரீல் வந்ததும் வேறு எங்கோ போய்விடுகின்றன. அதுதான் இந்த வார விஷயம்.

'காலா'வில் ஸரீனா என்று ஒரு பாத்திரம். ஹுமா குரேஷி நடித்தது. தாராவியில் பிறந்து, வெளியே போய்ப் படித்து, தன்னார்வ நிறுவனக்காரராகத் திரும்பி வருகிறார். குடிசைப் பகுதியைத் திருத்தி அமைப்பது அவருடைய தொழில். கெட்டவர் இல்லை, காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுபவரும் இல்லை. உண்மையாகவே நல்லது செய்ய வந்தவர். பில்டரோடு கூட்டுச் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும் என்று நம்புகிறார். திட்டத்தை மக்கள் முன்னால் வைக்கிறார். அதில் கோல்ஃப் மைதானம்கூட இருக்கிறது! தாராவிக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

'நல்லது செய்ய வந்த வெளியாள்' என்ற மனிதரைத் தமிழ் சினிமாவில் இவ்வளவு நியாயமாகக் காட்டிய படம் வேறு எனக்குத் தெரியவில்லை. வழக்கமாக அவர் ஒன்று தெய்வமாக இருப்பார், இல்லையென்றால் இடைவேளைக்கு அப்புறம் வில்லனின் ஆள் என்று தெரியவரும். ரஞ்சித் அந்த இரண்டு குழியிலும் விழவில்லை. ஆனால் மூன்றாவது குழியில் விழுகிறார். ஸரீனா தன் தப்பை உணர்ந்து காலாவின் பக்கம் வந்ததும் அந்தப் பாத்திரத்துக்கு வேலை தீர்ந்துவிடுகிறது. 'சரி, பில்டரின் திட்டம் வேண்டாம். கழிப்பறை வேண்டுமே, தண்ணீர் வேண்டுமே, நாமே ஒரு திட்டம் போடுவோம்' என்று அவர் தன் படிப்பை வைத்து ஒரு காகிதத்தை விரிக்கும் காட்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடைசியில் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று வண்ணப் பொடி பறக்கிறது. தியேட்டரில் நானும் சேர்ந்து விசிலடித்தேன். இப்போது வீட்டில் தனியாகப் பார்க்கும்போது, பொடி அடங்கி மறுநாள் காலையில் அந்த ஜனங்கள் என்ன செய்திருப்பார்கள் என்றுதான் யோசனை போனது.

'மெட்ராஸ்' கதையும் அதேதான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரு சுவர். அதில் ஓர் அரசியல் தலைவரின் முகம். அந்தச் சுவருக்காகக் கொலை விழுகிறது. கடைசியில் சுவரின் மேல் நீலச் சாயம். ஒரு சுவரை இவ்வளவு பெரிய பாத்திரமாக்கியது சாதாரண சாதனை இல்லை. இருந்தாலும் இங்கேயும் முடிவு பெயின்ட்டில்தான்!

இதைப் படத்தின் குறை என்று மட்டும் நினைத்திருந்தேன். பிறகுதான் உறைத்தது, நிஜத்திலும் அப்படித்தான் நடக்கிறது.

2020-ஆம் வருஷ ஆரம்பத்தில் கண்ணகி நகரில் சுவர் ஓவியங்கள் வந்தன. ஸ்டார்ட் இந்தியா என்ற தொண்டு அமைப்பு, ஏஷியன் பெயின்ட்ஸ், சென்னை மாநகராட்சி மூவரும் சேர்ந்து செய்தது. உள்ளூர் ஓவியர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து, அடுக்குமாடிகளின் பக்கச் சுவர் முழுக்க முகங்கள் வரைந்தார்கள். நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். நல்ல ஓவியங்கள். அந்த அளவுக்கு ஒரு சுவரில் ஒரு குழந்தையின் சிரிப்பைப் பார்ப்பது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. 'இதெல்லாம் ஏமாற்று' என்று கறாராக எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் கண்ணகி நகர் என்பது என்ன? நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் இருந்தவர்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த இடம். வேலை ஓரிடம், வீடு ஓரிடம். 'கண்ணகி நகர்' என்று விலாசம் எழுதினாலே இன்டர்வியூவில் முகம் மாறுகிறது என்று அங்கே இருக்கும் பிள்ளைகள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெயின்ட் அடித்தபின் வெளியிலிருந்து போட்டோ எடுக்க ஆட்கள் வந்தார்கள். அதுவும் ஒரு மாறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலாசத்தை நாடு முழுக்க மரியாதையோடு சொல்லவைத்தது 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய அணியில் ஆடிய கார்த்திகா. தன் பெயருக்கு முன்னால் 'கண்ணகி நகர்' என்று சேர்த்துக்கொண்ட பெண். அவரை உருவாக்கியது சுவர் இல்லை. அங்கே இருந்த ஒரு சின்ன விளையாடும் இடமும், விடாமல் சொல்லிக்கொடுத்த உள்ளூர் ஆட்களும்.

சரி, வட சென்னைக்கு வருவோம். பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். (காலை வேளையில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது, அதிர்ஷ்டம்தான்.) அடுத்த நிறுத்தம் ராயபுரம். 1856 ஜூலை மாதம் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இந்தியாவில் இன்னும் நிற்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் இதுதான் மூத்தது. உயரமான தூண்களோடு, மாளிகை மாதிரி. பாழாகிக் கிடந்ததை 2005-இல் புதுப்பித்தார்கள். அழகாகத்தான் செய்தார்கள். ஆனால் ஒரு கட்டடத்தைச் சரிசெய்துவிட்டால் சுற்றியுள்ள பேட்டை தானாகத் துளிர்க்கும் என்று நினைத்தால், ராயபுரம் நல்ல பாடம். தூண்கள் வெள்ளையடித்து நிற்கின்றன. என் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வண்ணாரப்பேட்டை. இறங்கி நடந்தால் எம்.சி. ரோடு. சீர்வரிசைப் புடவை எடுக்க வருஷம் பூராவும் கூட்டம். தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் நாம் நடக்கவே வேண்டாம், கூட்டமே தூக்கிக்கொண்டு போய்விடும். தியாகராய நகரில் பாண்டி பஜாரை 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாக்கினார்களே, அதற்குப் பின்னால் ஐ.டி.டி.பி. என்ற தொண்டு நிறுவனத்தின் யோசனையும் உழைப்பும் இருந்தது. எம்.சி. ரோட்டையும் அதே மாதிரி ஆக்கலாம் என்று மாநகராட்சி வட்டாரத்தில் பேச்சு வந்தது. நடப்பவனுக்கு இடம் விடுவது எனக்கு ரொம்பப் பிடித்த கொள்கை. ஆனால் பாண்டி பஜாரில் கிரானைட் பதிப்பதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, 2013-இல், நடைபாதை வியாபாரிகளை ஒரு அடுக்குக் கட்டடத்துக்குள் அனுப்பியாகிவிட்டது. எம்.சி. ரோட்டில் பிளாட்பாரக் கடைதான் ரோடே. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கிரானைட்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நெடுஞ்சாலையோரம் பெரிய மால்கள் வந்து, ஊர் நடுவில் இருந்த கடைத்தெருக்கள் காலியாகிப் போயின. 1977-இல் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் ஒரு தேசிய அறக்கட்டளை, கேல்ஸ்பர்க், மாடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று 3 சின்ன ஊர்களில் ஒரு பரிசோதனை செய்தது. ஓவியம் இல்லை, சிலை இல்லை. ஊருக்கு ஒரு முழு நேர ஆள். அவர் அங்கேயே குடியிருக்க வேண்டும். கடைக்காரர்களைச் சேர்த்து ஒரு சங்கம், வாடகை பற்றிப் பேச்சு, போர்டைச் சரிசெய்வது, திருவிழா நடத்துவது, வங்கியில் கடன் வாங்கித் தருவது. சலிப்பூட்டும் வேலைகள். அது வேலை செய்தது. 1980-இல் 'மெயின் ஸ்ட்ரீட்' என்று நாடு தழுவிய திட்டமாக ஆனது. இன்று உலகம் முழுக்க கன்சல்டன்ட்கள் 'டவுன்டவுன் புத்துயிர்' என்று பேசுவதில் பாதி அங்கிருந்து வந்தது.

ஆனால் அந்த வார்த்தையில் ஒரு பொறி இருக்கிறது. புத்துயிர் என்றால் செத்துப்போனதற்குத்தான் கொடுக்க முடியும். அவர்கள் தெருக்கள் நிஜமாகவே செத்திருந்தன. வண்ணாரப்பேட்டை எங்கே செத்தது? அங்கே உயிர் வழிந்து ஓடுகிறது. இல்லாதது சாக்கடை, சுத்தமான காற்று, ஒதுங்க ஒரு கழிப்பறை. நோயை மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறிப்போகும். ஸரீனா செய்த தப்பும் அதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவர் தாராவியை இறந்துபோன இடமாகப் பார்த்தார்.

'வட சென்னை' படத்தில் வெற்றிமாறன் அந்தத் தப்பைச் செய்யவில்லை. படத்தின் ரத்தம், கத்தி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மையத்தில் இருப்பது வளர்ச்சி என்ற பெயரில் குப்பத்தைக் காலி செய்யச் சொல்லும் திட்டம். ராஜன் அதற்குக் குறுக்கே நிற்பவன், கொல்லப்படுகிறான். அன்பு யார்? ரவுடி ஆக விருப்பமில்லாத ஒரு கேரம் ஆட்டக்காரன். ரவுடிப் படத்துக்கு நடுவில் கேரம் பலகையைக் கொண்டுவந்து வைத்ததுதான் வெற்றிமாறனின் கண். அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: தெருவுக்குத் தெரு ஒரு மன்றம், மன்றத்துக்கு ஒரு பலகை, மேலே தொங்கும் ஒரு பல்பு, ஒரு டப்பா பவுடர். தலைவர் படம் ஆட்சிக்கு ஆட்சி மாறும், பலகை மாறாது.

ஆனால் படம் அந்தப் பலகையை என்ன செய்கிறது? கொஞ்ச தூரம் கொண்டுபோய்விட்டு, கத்தியை எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் பாகத்தில் மீதி என்றார்கள். 2018-இலிருந்து காத்திருக்கிறோம்.

நிஜத்தில் மீதிக் கதை 2024-இல் வந்துவிட்டது. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, அந்த நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கினார். அப்பா ஆட்டோ ஓட்டுநர். அவரே பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுப்பவர். 1990-களில் உலக சாம்பியனாகி அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் சென்னைக்காரர்தான் என்பது இங்கே பல பேருக்கு மறந்தே போய்விட்டது. ஜெயித்து வந்த பிறகு அரசு காசிமாவுக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம். ஜெயிப்பதற்கு முன்னால் இருந்தது, ஒரு தெருவும் சில பலகைகளும் சாயங்காலம் தவறாமல் வந்து உட்கார்ந்த ஒரு மனிதரும். அமெரிக்காக்காரன் சம்பளம் கொடுத்து வைத்த அந்த 'ஊரிலேயே குடியிருக்கும் ஆள்' நம்மிடம் சம்பளமில்லாமலே இருந்திருக்கிறார். எந்தத் திட்டத்தின் வரைபடத்திலும் அவருக்கு ஒரு கட்டம் கிடையாது.

வரைபடம் என்றதும் பணக் கணக்கு ஞாபகம் வருகிறது. வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி என்று ஆரம்பித்தது. 2024 மார்ச்சில் தங்கசாலையில் அடிக்கல் நாட்டும்போது 4,181 கோடி. பிறகும் ஏறியது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியிருப்பு, பஸ் நிலையம் என்று நீண்ட பட்டியல். இத்தனை காலம் நகரத்தின் குப்பையையும் புகையையும் சுமந்த பகுதிக்கு இந்தப் பணம் தர்மம் இல்லை, பழைய பாக்கி. வேண்டாம் என்று சொல்பவன் வட சென்னையில் குடியிருக்காதவனாக இருப்பான். என் குறை ஒன்றே ஒன்றுதான். பட்டியலில் இலாகாக்களின் பெயர் வரிசையாக இருக்கிறது. மன்றங்களின் பெயர் எங்கே?

வண்டி திருவொற்றியூர், விம்கோ நகர் தாண்டி எண்ணூர் வந்ததும் வாசனை மாறியது. இங்கே 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்தது. வலை, படகு, பறவைகளின் சிறகு எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

இந்த முகத்துவாரத்தில்தான் 2017 பொங்கல் சமயத்தில் வெளிவந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' வீடியோவில் டி.எம்.கிருஷ்ணா நின்று பாடினார். சென்னைப் பேச்சுத் தமிழில் கபேர் வாசுகி எழுத, ஆர்.கே.ஸ்ரீராம்குமார் ஆனந்தபைரவி, பேகடா என்று ராகமாலிகையாக மெட்டமைத்தது. சபாக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் பிடித்தது ராகம்கூட இல்லை, ஒரு வார்த்தையை அது திருப்பி வாங்கிக் கொடுத்தது. புறம்போக்கு என்பது நாம் திட்டுவதற்கு வைத்திருக்கும் சொல். உண்மையில் யாருக்கும் பட்டா போடாமல் எல்லோருக்குமாக விட்டுவைத்த நிலம் அது. ஆறு, கழிமுகம், மேய்ச்சல், சுடுகாடு. மேலே சொன்ன மூன்று படங்களும் செய்யாததை அந்தச் சில நிமிஷப் பாட்டு செய்தது. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று பெயர் சொல்லிச் சொன்னது.

மீஞ்சூரில் இறங்கி, பஸ் பிடித்து, லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து காட்டுப்பள்ளி போய்ச் சேர உச்சி வெயில் வந்துவிட்டது. அங்கேயும் ஒரு சுவர். ஆனால் இதில் யாரும் படம் வரையவில்லை, துறைமுகத்தின் காம்பவுண்ட். கப்பல் கட்டும் தளமும் துறைமுகமுமாக எல் அண்ட் டி கட்டியதில், துறைமுகத்தை 2018-இல் அதானி குழுமம் வாங்கியது. பிறகு அதை 6,110 ஏக்கராக விரிவாக்க ஒரு திட்டம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரியில் ஒரு தேதி குறித்தார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் இன்னொரு தேதி, அதுவும் தள்ளிப்போனது. ஊர்க்காரனிடம் 'உனக்கு என்னப்பா வேணும்?' என்று அரசாங்கம் அதிகாரபூர்வமாகக் கேட்கும் ஒரே சந்தர்ப்பம் அந்தக் கூட்டம்தான்.

பெரியவரிடம் கேட்டேன். 'கூட்டம் நடந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க ஐயா?'

'சொல்றது இன்னா சார். வேணாம்னுதான் சொல்லுவோம். அத்தோட எழுதிக்கினு போய்டுவாங்க.' டீயை ஆற்றிக் குடித்தார். 'இன்னா வேணும்னு கேட்டா சொல்றதுக்கு நிறைய கீது. அத்த யாரும் கேக்கல.'

ஒரு வாரமாக மூன்று படங்களைப் பற்றி நான் யோசித்து வைத்திருந்த விமர்சனத்தை அவர் ஒரு டம்ளர் டீயில் சொல்லி முடித்துவிட்டார்.

'என்ன வேணும்?' என்றேன்.

இறாலைப் பற்றி ஆரம்பித்தார். சாம்பல் படிந்த ஆற்றைத் தூர்வாரினால் எந்த இடத்தில் வாரணும், எந்த இடத்தில் கை வைக்கவே கூடாது என்று மண் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். பிறகு பேச்சு பழவேற்காட்டுப் 'பாடு' முறைக்குப் போனது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை விடுவது என்று ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. நல்ல இடம் ஒருத்தனுக்கே போகாமல் சுற்றி வரும். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ரிஜிஸ்டர் இல்லை, ஆடிட்டர் இல்லை, வெளிநாட்டு நிதி இல்லை. லாப நோக்கமற்ற உள்ளூர் அமைப்பு என்று இதைவிடச் சுத்தமாக ஒன்றை எந்த அறக்கட்டளைச் சட்டத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் இதில் குறையே இல்லை என்று நான் கண்ணை மூடிக்கொள்ளத் தயாரில்லை. எந்த ஊர், எந்த ஜாதி என்று பார்த்துத்தான் அந்தச் சுற்றுக்குள் இடம். வலை விடாமல் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கு அதில் குரல் குறைவு. வெளியிலிருந்து வரும் ஒரு ஸரீனாவுக்கு இங்கே உண்மையாகவே வேலை இருக்கிறது, வந்து முதல் ஆறு மாதம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார் என்றால்.

என் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. பெரியவர் எட்டிப் பார்த்தார்.

'இத்த எங்க சார் குடுப்பீங்க?'

'பத்திரிகையில வரும்.'

'படம் போடுவாங்களா?'

'தெரியாது ஐயா.'

அவர் தரையில் போட்ட கோடுகளைக் காட்டி, 'இத்த போடச் சொல்லுங்க' என்றார். செல்போனில் எடுத்துக்கொண்டேன். ஆறு, கால்வாய், மணல் திட்டு, தூர்வார வேண்டிய இடத்தில் ஒரு குறுக்குக் கோடு, கை வைக்கக் கூடாத இடத்தில் ஒரு வட்டம். போட்டோவின் ஓரத்தில் டீ டம்ளரும் விழுந்திருக்கிறது. ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.